என் போனின் வேகத்தைக் குறைத்தவனுக்கு

மார்ச் 3

கடை முதலாளிக்கு,

என்னைக் கேட்காமல் என் போனில் கை வைத்தாய். அதுதான் குற்றம். மற்றதெல்லாம் அது பெற்ற பிள்ளைகள்.

போன வாரம் நீ வந்திருந்தபோது, "அத்தான், ஸ்க்ரீன்ல கீறல் விழுந்திருக்கு, குடுங்க, கண்ணாடி ஒட்டித் தர்றேன்" என்று வாங்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனாய். கண்ணாடி ஒட்ட ஒரு மத்தியானம் முழுக்க ஆகுமா? நடுவில் உன் அக்கா உனக்கு இரண்டு தடவை டீ கொண்டுபோனாள். எனக்கு ஒரு தடவைகூட வரவில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். திரும்பி வந்த போனில் கண்ணாடி ஒட்டியிருந்தது, அதுவும் கோணலாக, ஓரத்தில் காற்றுக் குமிழியோடு. உள்ளே இருந்த வேகம் போயிருந்தது.

கடைக்காரனுக்கு ஞாபகம் கல்லாப்பெட்டியோடு நின்றுவிடும் என்பதால் திரும்பச் சொல்கிறேன். ஐஸ் ஆலையின் எஞ்சின் அறை என் காதைத் தின்றுவிட்டது. இப்போது எனக்குக் காது என்பது ஒரு மைக், அதன் வயர், அந்தப் பழைய போன், பேசுவதை எழுத்தாகக் காட்டும் ஒரு செயலி. அந்தச் செயலி இணையத்தை எதிர்பார்க்காமல் போனுக்குள்ளேயே வேலை செய்வது. போனை வாங்கிய வேகத்திலேயே ஓட்டினால் அதற்கு மூச்சு வாங்கும். வீட்டில் எல்லோரும் ஒரு விஷயத்துக்குச் சிரித்து ஓய்ந்து அடுத்த பேச்சுக்குப் போன பிறகு அது என் திரைக்கு வரும். அப்போது நான் சிரிப்பேன். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். தனியாகச் சிரிக்கிற கிழவனைப் பார்க்கிற பார்வை எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது.

அதனால்தான் கற்றுக்கொண்டேன். போனை ரூட் செய்தேன். கம்பெனிக்காரன் பூட்டி வைத்த அறைக்கு நானே சாவி செய்தேன் என்று வைத்துக்கொள். பிராசசரை அதட்டி வேலை வாங்குவது கெர்னல். பழையதைக் கழற்றிவிட்டு, வேகத்தைக் கூட்ட விடுகிற கெர்னல் ஒன்றை ஏற்றினேன். பிறகு கம்பெனி போட்ட கோட்டைத் தாண்டி, ஒவ்வொரு படியாக வேகத்தை ஏற்றினேன். ஒரு தடவை போன் எழுந்திருக்கவே இல்லை, கல்லாகிவிட்டது. நானே உயிர் கொடுத்தேன். உன் கடை வாசலில் வந்து நின்றேனா?

இப்போது மறுபடியும் எழுத்து நொண்டுகிறது. என்ன செய்தாய், ஏன் செய்தாய் என்று எழுது. உன் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறேன். மெசேஜில் கேட்டால் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டு நழுவிவிடுவாய். காகிதத்தில் வாக்கியத்தை முடித்தாக வேண்டும்.

உன் அக்காவின் கணவன்

*

மார்ச் 9

அத்தானுக்கு வணக்கம்.

கடிதம் வந்தது. தபால்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். போன் கடைக்குக் கையால் எழுதின கடிதம் கொண்டுவந்து கொடுப்பது அவருக்கு இதுதான் முதல் தடவையாம்.

சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் போன் கொதித்தது. சட்டைப்பையில் இஸ்திரிப் பெட்டியை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடமாடுகிறீர்கள். உப்பிப்போன பேட்டரியை உடனே போடுவதற்கென்றே என் கடையில் ஒரு மணல் வாளி வைத்திருக்கிறேன். அதில் விழுகிற பேட்டரிகளின் சொந்தக்காரர்கள் எல்லோருமே உங்களைப் போல வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டவர்கள்தான். அவர்களாவது சத்தத்தோடு பார்த்தார்கள்.

அதனால் வாங்கினபோது இருந்த நிலைக்கே கொண்டுவந்தேன். அவ்வளவுதான். இதற்குப் பெயர் உதவி.

உங்களுக்கென்று ஒரு புதுப் போன் எடுத்து வைத்திருக்கிறேன், அதன் படத்தை இதோடு வைத்திருக்கிறேன். இந்த ரூட், கெர்னல் எதுவும் வேண்டாம், பேசப் பேச எழுத்து வரும். சரி என்று ஒரு வார்த்தை எழுதுங்கள், பார்சல் அனுப்புகிறேன். அந்த ஒரு வார்த்தையை நீங்கள் எழுதப்போவதில்லை என்று எனக்குத் தெரியும்.

கண்ணாடி கோணலாக இருப்பதற்கு மன்னிக்கவும்.

மச்சினன்

*

மார்ச் 17

மச்சினனுக்கு,

புதுப் போனின் படத்தைப் பார்த்தேன். மைக் செருகுகிற ஓட்டையே அதில் இல்லை. எனக்குக் காதாக இருக்க வேண்டிய போனுக்கே காது இல்லை. அதை உன் கண்ணாடி அலமாரியில் நிற்க வைத்து அழகு பார்.

உன் கடிதத்தில் ஒரு பொய் இருக்கிறது. வாங்கினபோது இருந்த நிலைக்குக் கொண்டுவந்தேன் என்கிறாய். அப்படிச் செய்திருந்தால் ரூட் போயிருக்கும், கெர்னல் போயிருக்கும். இரண்டும் இருக்கின்றன. உச்ச வேகம் மட்டும் கம்பெனி வைத்ததைவிடக் கீழே கிடந்தது. சரி, ஏற்றிவிட்டேன். எழுத்து ஓடியது. போனை அணைத்துப் போட்டேன், வேகம் மறுபடி கீழே.

எஞ்சின் அறையில் எனக்கு ஒரே சட்டம்தான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியதும் ஓட்டிப் பார். நாலு திருகாணியைச் சேர்த்துத் திருப்புகிறவனுக்கு எது சரிசெய்தது என்றும் தெரியாது, எது கெடுத்தது என்றும் தெரியாது. நீ அந்த ரகம். நான் கெர்னலை மறுபடி ஏற்றிப் பார்த்தேன், அதே கதை. வேகம் மாற்றுகிற செயலியைத் தூக்கிவிட்டுப் பார்த்தேன், அதே கதை. பேட்டரி சேமிப்பை நிறுத்திப் பார்த்தேன், அதேதான். ஓடிக்கொண்டிருக்கும்போது வேகம் குறையவில்லை. அணைத்துப் போட்டால்தான் குறைகிறது. அப்படியானால் போன் எழுந்திருக்கும்போது யாரோ அதன் காலைப் பிடிக்கிறார்கள். எழும்போது தானாக ஓடுகிற ஸ்கிரிப்ட்கள், அதாவது கட்டளை எழுதின ஃபைல்கள், இருக்கிற இடத்தைத் திறந்து பார்த்தேன்.

அங்கே உட்கார்ந்திருந்தது உன் ஃபைல். பேட்டரி சம்பந்தப்பட்ட எதையோ போலப் பெயர் வைத்திருந்தாய். திருடன் தபால்காரன் சட்டை போட்டுக்கொண்டு வருவது மாதிரி. உள்ளே இரண்டே வரி. "இதற்கு மேல் ஓடாதே" என்பது ஒன்று. இன்னொன்று தேவையே இல்லாதது, எங்கிருந்தோ பார்த்து எழுதியிருக்கிறாய்.

சூடு என்றாயே. சூட்டுக்குப் பயந்தவன், சூடு இந்த அளவைத் தொட்டால் வேகத்தைக் குறை என்று எழுதுவான். நீ சூடே இல்லாத விடியற்காலையிலும் வேகத்தைக் கட்டிப்போட்டிருக்கிறாய். எஞ்சினில் கவர்னர் என்று ஒன்று உண்டு, வேகம் எல்லை மீறாமல் பார்த்துக்கொள்வது. இதே பெயரில் போனிலும் ஒன்று இருப்பதைப் பார்த்துத்தான் இதைப் படிக்கவே ஆரம்பித்தேன். எஞ்சின்காரனுக்குத் தெரியாமல் கவர்னரைக் கட்டிவைக்கிறவனை எங்கள் ஆலையில் அன்றைக்கே வெளியே அனுப்பிவிடுவோம்.

ஃபைலை அழிக்கவில்லை. ஓட முடியாதபடி ஓரமாக வைத்திருக்கிறேன். அது சாட்சி. இப்போது சொல், எதற்காகச் செய்தாய்?

உன் அக்காவின் கணவன்

*

மார்ச் 23

அத்தானுக்கு,

அந்த ஃபைலை நீங்கள் கண்டுபிடிக்க மாட்டீர்கள் என்று அக்காவிடம் சொல்லியிருந்தேன். "கண்டுபிடிச்சிடுவார்டா. உனக்கு அவரைத் தெரியாது" என்றாள். பெருமையாகச் சொன்னாளா, சலித்துக்கொண்டு சொன்னாளா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

ஆமாம், கேட்டது அக்காதான். சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாள். உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "இனிமே மறைச்சு என்ன, சொல்லிடு" என்றாள். சொல்கிறேன், உட்கார்ந்து படியுங்கள்.

முன்னறையில் போனை வைத்துக்கொண்டு, அங்கிருந்து நீள வயர் இழுத்து, மைக்கைச் சமையலறை ஜன்னல் கம்பியில் கட்டி வைத்திருக்கிறீர்கள். அவள் அங்கேதான் அதிகம் பேசுகிறாள் என்று. அத்தான், அவள் அங்கே உங்களிடம் பேசவில்லை. தன்னிடம் பேசிக்கொண்டிருந்தாள். போன் மெதுவாக ஓடியவரைக்கும் செயலி முணுமுணுப்பையெல்லாம் விட்டுவிடும். நீங்கள் வேகத்தை ஏற்றினீர்கள். அதற்குப் பிறகு ஒன்றுவிடாமல் எழுதிக் காட்டியது. நீங்களும் சும்மா இருந்தீர்களா?

"இந்த மனுஷன் ஒரு டம்ளரையாவது எடுத்த இடத்துல வச்சதுண்டா" என்று பாத்திரம் தேய்த்துக்கொண்டே முணுமுணுத்தாளாம். முன்னறையிலிருந்து "நேத்து வச்சேனே" என்று குரல் வந்ததாம். கைத்தவறி ஒரு தட்டு விழுந்ததில் கண் கலங்கி, "அம்மா இருந்திருந்தா என்னை இப்படி விட்டிருப்பாளா" என்றாளாம். அதற்கு நீங்கள், "உங்கம்மா எனக்குத்தான் பரிஞ்சு பேசுவா" என்றீர்களாம். சொல்லிவிட்டுச் சிரித்தீர்களாம், சரியான நேரத்தில்.

உங்களுக்கு அது போன் வேலை செய்கிறது என்ற சந்தோஷம். அவள் என்னிடம் என்ன சொன்னாள் தெரியுமா? "அவருக்குக் காது திரும்பி வந்ததுல எனக்குச் சந்தோஷம்தான்டா. ஆனா எனக்கு வாய் போயிடுச்சு."

இதை அவரிடமே சொல்லேன் என்றேன். "எதைச் சொன்னாலும் ஒரு பதிலைத் தயாரா வச்சிருப்பார். பழையபடி கொஞ்சம் மெதுவா ஆக்கிக் குடு. முழுசா நிறுத்திடாதே, பாவம்" என்றாள். அதனால்தான் துடைத்துப் போடாமல், கீழே கட்டிவைத்தேன்.

என்னைத் திட்டுவீர்கள், திட்டுங்கள். ஒன்றை மட்டும் காதில், மன்னிக்கவும், மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வேகத்தை ஏற்றிய நீங்கள் சூடு குறையட்டும் என்று பிராசசருக்குப் போகிற மின் அழுத்தத்தைக் குறைத்திருக்கிறீர்கள். மின்விசிறிக்குக் கீழே அது தாங்கும். சூடான இடத்தில் தாங்காது, சொல்லாமல் அணைந்துவிடும். உச்சத்துக்குப் போகாதீர்கள், ஒரு படி கீழேயே நிறுத்துங்கள்.

மச்சினன்

*

மார்ச் 28

மச்சினனுக்கு,

அக்கா சொன்னாள், தம்பி செய்தான். நல்ல குடும்பம். சொந்த வீட்டில் நான் பேசினால் தப்பு, படித்தால் தப்பு, சிரித்தால் தப்பு. காது கேட்காதவனை ஏமாற்ற இரண்டு பேர் கூடி டீ குடித்துத் திட்டம் போட்டிருக்கிறீர்கள்.

உன் எச்சரிக்கையை உன் கடைக் கண்ணாடியில் ஒட்டி வை. உச்சப் படிக்கே ஏற்றிவிட்டேன். ரேடியோ செய்தியை எதிரே ஓடவிட்டுச் சோதித்தேன். காலையில் ஆரம்பித்தது, விளக்கு வைக்கும்வரை ஒரு சொல்கூட விடவில்லை, ஒரு தடவைகூட அணையவில்லை. மின்விசிறிக்குக் கீழேதான். என் வீட்டு மின்விசிறி, நான் ஓடவிடுவேன்.

உன் அக்காவிடம் நேரிலேயே கேட்கப்போகிறேன். அவள் சொல்லச் சொல்ல ஒவ்வொரு சொல்லும் அந்த நொடியே எனக்கு வேண்டும். அதற்குத்தான் உச்ச வேகம்.

உன் அக்காவின் கணவன்

*

ஏப்ரல் 5

அத்தானுக்கு,

அக்காவைக் கூப்பிட்டால் "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாள். குரலே சரியில்லை. என்ன நடந்தது? திட்டுவதற்காகவாவது இரண்டு வரி எழுதுங்கள்.

மச்சினன்

*

ஏப்ரல் 8

மச்சினனுக்கு,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். உன் அபிப்பிராயத்தைக் கேட்டு எழுதவில்லை.

சமையலறைக்குப் போனேன். மைக்கை ஜன்னலிலிருந்து அவிழ்த்து மேடையில் வைத்தேன். அடுப்புப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து போனைக் கையில் வைத்துக்கொண்டேன். "என் போன்ல கை வைக்கச் சொன்னியாமே, ஏன்?" என்று கேட்டேன். கரண்டியைக் கீழே வைத்தாள். அடுப்பை அணைக்கவில்லை.

திரையில் வந்தது இது. செயலியில் அப்படியே இருக்கிறது, பார்த்து எழுதுகிறேன்.

"நீங்க என்னைக்குமே கேக்கறதுக்காகக் கேட்டது கிடையாது. பதில் சொல்றதுக்காகத்தான் கேப்பீங்க. காது நல்லா இருந்தப்பவும் அப்படித்தான். ஆலையிலேர்ந்து ஒரு நாள் வந்து வாசல்ல நின்னீங்க, எதுவும் கேக்கலைன்னு கையைக் காட்டினீங்க. அன்னிக்கு நான்"

அதோடு திரை கறுத்தது. கம்பெனியின் சின்னம் வந்து சுற்ற ஆரம்பித்தது.

அவள் போனைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். வாய் அசைந்துகொண்டே இருந்தது. நடுவில் ஒரு முறை முந்தானையால் மூக்கைத் துடைத்தாள், மறுபடி பேசினாள். அந்தச் சின்னம் சுற்றிக்கொண்டிருந்தது. இத்தனை காலத்தில் அவள் என்னிடம் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை.

போன் எழுந்து, செயலி திறந்து, மைக்கை அடையாளம் கண்டுகொண்டபோது அவள் முடித்துவிட்டாள். "அணைஞ்சு போச்சு, மறுபடி சொல்லு" என்றேன். என் கையிலிருந்த போனைப் பார்த்தாள். பிறகு திரும்பிக்கொண்டாள். திரையில் வந்தது: "குழம்பு தீயுது."

நீ சொன்ன ஒரு படியைக் குறைத்துவிட்டேன். நீ சொன்னதற்காக இல்லை. அடுப்பை ஏற்றிவைத்து, பக்கத்தில் போனை வைத்து, ரேடியோவை ஓடவிட்டுப் பார்த்தேன். உச்சத்தில் மூன்று முறை செத்தது. ஒரு படி கீழே நின்றது. நான் சோதனைக்குத்தான் தலையாட்டுவேன், கடைக்காரனுக்கு இல்லை. எஞ்சினை ஓடப்போகிற இடத்தில் வைத்துத்தான் சோதிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாததும் இல்லை.

நீ செய்ய வேண்டியது இது. அன்றைக்கு அவள் சொன்னதை அவளிடம் கேட்டு, ஒரு சொல் விடாமல் எழுதி அனுப்பு. உன் சொந்தச் சரக்கைச் சேர்க்காதே.

உன் அக்காவின் கணவன்

*

ஏப்ரல் 13

அத்தானுக்கு,

கேட்டேன். சொல்ல மாட்டாளாம். "அவர்கிட்ட சொல்ல வேண்டியது, அவர்கிட்ட சொல்லிட்டேன். உன்கிட்ட எதுக்குடா?" என்கிறாள். கெஞ்சிப் பார்த்தேன். "இதுக்கும் நடுவுல ஒரு மிஷினா?" என்றாள். மிஷின் என்றது என்னைத்தான்.

கோபமாக இருக்கிற மாதிரி தெரியவில்லை. "போன் இப்ப நிக்குதாடா?" என்று அவளே கேட்டாள். நிற்கிறதாம் என்றேன். "சரி" என்றாள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குத் தெரிந்திருக்காது. இப்போதெல்லாம் அவள் சமையலறையில் வாயே திறப்பதில்லை. பேச வேண்டும் போல இருந்தால் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு, துணி காயப்போடுகிற சாக்கில் மொட்டை மாடிக்குப் போய்விடுகிறாள். துணி துவைக்காத நாளிலும் போகிறாள். அந்த முழங்காலோடு.

அன்றைக்கு அவள் உங்களிடம் சொன்னது நான் எழுதி அனுப்பக்கூடியது இல்லை, அத்தான். உங்கள் போனை நான் மெதுவாக்கியது தப்புதான். ஆனால் அன்றைக்கு அணைந்தது நான் மெதுவாக்கிய போன் இல்லை.

மச்சினன்

*

ஏப்ரல் 20

மச்சினனுக்கு,

உன் கடைசி வரியைப் படித்தேன். அதை நீ எழுத வேண்டியதில்லை, நானே எழுதியிருப்பேன். விஷயத்துக்கு வருகிறேன்.

பழைய மேஜை விளக்கிலிருந்து ஒரு சுவிட்சைக் கழற்றி, மைக் வயரை நடுவில் வெட்டி அதில் சேர்த்திருக்கிறேன். பலகையில் பதித்துச் சமையலறைக்கு உள்பக்கம், வாசலை ஒட்டிச் சுவரில் அடித்தாயிற்று. சத்தம் என் காதில் விழாததால், பக்கத்து வீட்டுக்காரர் வந்து கையைப் பிடிக்கும்வரை அடித்தேன் என்று உன் அக்கா உன்னிடம் சொல்வாள். ஆணி நேராகத்தான் இறங்கியிருக்கிறது. இது சமாதானம் இல்லை. நீங்கள் இருவரும் செய்தது தப்பு, அதில் மாற்றமில்லை. இனி நடக்க வேண்டியது:

நீ அடுத்த முறை வரும்போது அந்தக் கண்ணாடியைப் பிரித்து நேராக ஒட்ட வேண்டும். என் எதிரே உட்கார்ந்து. டீ எனக்கும் சேர்த்து வரும்.

ஓரமாக வைத்திருக்கிற உன் ஃபைலை நீயே உன் விரலால் அழிக்க வேண்டும். அதற்குப் பதிலாக, சூடு ஏறினால் மட்டும் வேகத்தைக் குறைக்கிற ஒன்றை நான் எழுதி வைத்திருக்கிறேன். அதைப் படித்துப் பார்த்துத் தப்பு இருந்தால் சொல். இருக்காது.

வரும்போது நல்ல சுவிட்ச் ஒன்று, போட்டால் எரிகிற சின்ன விளக்கோடு கொண்டுவா. நான் வைத்தது பழசு, போட்டிருக்கிறதா அணைந்திருக்கிறதா என்று அடுப்படியிலிருந்து தெரிவதில்லை. தெரிய வேண்டும்.

உன் அக்காவிடம் நீ சொல்ல வேண்டியது: சுவிட்சைப் போடுவதும் அணைப்பதும் அவள் வேலை. அந்தப் பலகையை நான் தொட மாட்டேன். மாடிக்கு ஈரத்துணி இருந்தால் மட்டும் போகட்டும், பக்கெட்டை நான் தூக்கி வருகிறேன், வைத்துவிட்டு இறங்கிவிடுவேன்.

அந்த வாக்கியத்தை அவள் முடிக்க வேண்டும். அவசரமில்லை. "அன்னிக்கு நான்" என்பதுவரை என்னிடம் இருக்கிறது. அதற்கு அடுத்த சொல்லிலிருந்து ஆரம்பித்தால் போதும்.

நான் செய்ய வேண்டியது இரண்டு. அது வரும்போது போனை அடுப்பிலிருந்து தள்ளி வைத்திருக்க வேண்டும். படித்து முடித்த பிறகு பதில் சொல்லாமல் இருக்க வேண்டும்.

முதலாவதைச் சோதித்துவிட்டேன். இரண்டாவதை இதுவரை ஓட்டிப் பார்த்ததில்லை.

உன் அக்காவின் கணவன்